மரச்சீனி ஐஸ்கிரீம்

போன வாரம் கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். கடற்கரைச் சாலையில் தங்கசாமியின் ஐஸ்கிரீம் கடை இன்னும் இருக்கிறது. இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டு கோன். ‘மூன்று தலைமுறையாகச் சுத்தமான பால் மட்டுமே’ என்று பலகை. கல்லாவில் பேரன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். முதல் தலைமுறை பாலில் எதைக் கலந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். எனக்குத் தெரியும். நான் உணவு ஆய்வாளராக இருந்தவன். அடுத்தவர் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

பேரன் தந்த கோப்பையில் எசன்ஸ் வாடை. தாத்தாவின் கடையில் அடித்தது வேறு: காய்ச்சிய பால், ஏலக்காய், இரண்டுக்கும் அடியில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வேகும் மணம். தங்கசாமி மரச்சீனி மாவைக் கரைத்துப் பாலோடு சேர்த்துக் காய்ச்சுவார். அதனால் ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கும். கடற்காற்றில் ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்தாலும் உருகாது. கிழங்கு தின்று வளர்ந்த நாக்குகள் எதை ரசிக்கிறோம் என்று தெரியாமலே ரசித்தன. சொல்வதற்கென்ன, என் நாக்கும்தான்.

மாவு சேர்ப்பது குற்றமில்லை. சேர்த்திருப்பதை வாங்குகிறவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாவிட்டால் மாதிரி எடுத்து, மூன்று பாகமாக்கி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவோம். பிறகு வழக்கு வரும், கடையின் உரிமம் போகும். பலமுறை சொல்லியும் தங்கசாமி எழுதவில்லை. ஒரு மாலை மாதிரி எடுக்கப் புட்டிகளோடு போனேன். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்துச் சங்குக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

“சாரே, நான் தெனமும் இவருக்க கடையிலதான் திங்கேன். கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்க போய்த் திங்க?”

ஊரின் பொதுநலம் அந்த மட்டத்தில் இருந்தது.

“ஒரு வரி எழுதித் தொங்கவிடும். நான் வெறும் புட்டியைத் தூக்கிட்டுப் போறேன்” என்றேன்.

தங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “கெழங்கு திங்கவா சாரே கொட்டாரத்துலேருந்து பஸ் ஏறி வாறானுவ? எழுதினா நாளைக்கு என்னைக் கெழங்குக்காரன்னு விளிப்பானுவ.”

உள்ளே பால் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “விளிச்சிட்டுப் போறானுவ. கடை போனா என்ன சொல்லி விளிப்பானுவளாம்?”

கௌரவக்காரருக்கு மூன்றாவதாக ஒரு வழி தெரிந்தது. “இனி மாவே கெடையாது. போதுமா?” இருந்த சரக்கையும் என் கண்முன்னே தெருவோர ஓடையில் கொட்டினார். அங்கே கிடந்தும் அது வெகுநேரம் உருகவில்லை.

மறுநாளிலிருந்து சட்டம் ஒப்புக்கொள்ளும் ஐஸ்கிரீம். சாலையைக் கடப்பதற்குள் முழங்கை வரை ஒழுகும். வாரம் தவறாமல் குடும்பத்தோடு வருகிற கொட்டாரத்து விவசாயி ஒருவர், நானும் நிற்கும்போதே பாதிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

“என்ன அண்ணாச்சி, பழைய பிடிமானம் இல்லியே. பாலுல வெள்ளம் சேத்துட்டீரா?”

வாழ்நாளில் முதன்முறையாகச் சுத்தமான சரக்கை விற்கும் மனிதரிடம் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் முன்பு எப்படிக் கெட்டியாக நின்றது என்று அடுத்த கேள்வி வரும். தங்கசாமி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அதற்கு விதிமுறை ஏதும் எங்கள் புத்தகத்தில் இல்லை. அவர் மேசையைத் துடைத்தார். தங்கசாமி பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று அந்த வாரமே கொட்டாரம் முழுக்கப் பேச்சு. வருடக்கணக்காக மாவைத் தின்றபோது வராத சந்தேகம், பாலைத் தின்றதும் வந்துவிட்டது அந்த மேதாவிகளுக்கு.

கொட்டாரத்துக்காரர்கள் வருவது நின்றாலும் கடை மூடவில்லை. சூரியன் மறைவதைப் படமெடுக்க வருகிறவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒருமுறை வருகிறவர்கள். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று நக்கிவிட்டுப் போவார்கள். போன வாரமும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பழைய பிடிமானம் இல்லியே என்று குறை சொல்ல மட்டும் அங்கே ஒருவரும் வருவதில்லை.