பாய லேபாரில் அம்மைத் தழும்பு தேடிய மதியம்

எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண், ஊரிலிருந்து தன் அப்பா அம்மாவை நிரந்தரமாக இங்கே இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ளப் போகிறாள். இருவருக்கும் முதல் விமானப் பயணம். விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், எங்கே பணம் கட்டவேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டாள். பதில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதோடு நிறுத்தாமல், நான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய கதையை ஆரம்பித்து, அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். பாதியில் நின்றுபோன அந்தக் கதையை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். முதன்முறை ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

அறுபதுகளின் கடைசி. செம்பவாங் கப்பற்படைத் தளத்தை விட்டு வெள்ளைக்காரர்கள் போகப்போகிறார்கள் என்று ஒரே பேச்சு. அங்கே மின்பணியாளராக இருந்த என் கணவர், வேலை போகும்வரை காத்திருக்காமல், இங்கிலாந்தில் துறைமுக ஊர் ஒன்றில் வேலை தேடிக்கொண்டு ஏழு மாதம் முன்பே போய்விட்டார். இப்போது என் முறை. எனக்கு வயது இருபத்து மூன்று. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அப்பா சுப்பையா, தளத்தின் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

டிக்கெட் ஏற்பாடு செய்தவர் மரைக்காயர். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அவருக்கு ஒரு கடை. முன்பாதியில் கைலி, பின்பாதியில் கப்பல், விமான டிக்கெட். ஊர் விட்டுப் போகிற பாதிப்பேர் அவர் கடையில் கைலியும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அவர் எனக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்: பாஸ்போர்ட், கணவர் அனுப்பிய கடிதம், நுழைவு அனுமதி, அம்மை குத்திய சர்டிபிகேட், இருபது கிலோவுக்குள் ஒரு பெட்டி, விமான நிலையக் கட்டணம் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர்.

கடைசி வரி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"டிக்கெட்டுக்குத்தான் இவ்வளவு கொட்டியாச்சே மரைக்காயர், இது என்ன வாசக் காசு?"

"ஓடுபாதை, கட்டடம் எல்லாத்துக்கும் சேத்துண்ணே. ஏறுற எல்லாரும் கட்டணும் லா."

"ஓடுபாதையில ஓடுறது ஏரோப்ளேன். எம் பொண்ணா ஓடப்போறா?"

"அண்ணே, ஏரோப்ளேன் கிட்ட காசு கேக்க முடியுமா? அதனால உள்ள உக்காந்திருக்கவங்ககிட்ட கேக்கிறாங்க."

இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு விஷயம். அன்று அது டிக்கெட்டில் சேராது. கவுண்டரில் ரொக்கமாகக் கட்டி, ரசீதைப் பயண அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். கையிலிருந்த வெள்ளியை எல்லாம் இங்கிலாந்துப் பவுண்டு நோட்டாக மாற்றிவிட்டுப் போய்த் தவித்தவர்கள் உண்டு என்று மரைக்காயர் எச்சரித்தார். அப்பா ஒரு ஐந்து வெள்ளி நோட்டை என் பாஸ்போர்ட்டோடு ஊக்குப் போட்டுக் குத்தி வைத்துவிட்டார்.

அடுத்த தலைவலி எடை. இருபது கிலோ என்றால் நாற்பத்து நான்கு பவுண்டு. அதற்கு மேல் போனால் கிலோவுக்கு இருபது வெள்ளிக்கு மேல் கேட்பார்கள். என் பெட்டியைக் கிடங்குத் தராசில் வைத்துப் பார்த்ததில் ஐம்பத்தெட்டு பவுண்டு. எதை எடுப்பது என்று இரண்டு நாள் நானும் அப்பாவும் மல்லுக்கட்டினோம். நான் எடுத்து வெளியே வைத்ததை அவர் உள்ளே வைப்பார். கடைசியில் வழி சொன்னவரும் மரைக்காயர்தான்.

"பொட்டியத்தான் நிறுப்பாங்க. உடம்புல போட்டிருக்கிறத யாரும் நிறுக்கமாட்டாங்க லா."

அவர் சொன்னது ஒரு சால்வை, ஒரு கம்பளிச் சட்டை அளவுக்குத்தான். அப்பா அதைக் கிடங்குக்காரர் மூளையோடு புரிந்துகொண்டார். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், ஆறடி உயர ராணுவக்காரன் எவனோ விற்றுவிட்டுப் போன கம்பளி ஓவர்கோட்டு ஒன்றைப் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கி வந்தார். கித்தான் தைக்கும் ஊசியால் அதன் உள்பக்கம் பைகள் தைத்தார். இடது பையில் இரண்டு பவுண்டு புளி. வலது பையில் இரண்டு பவுண்டு மிளகாய்த்தூள். முதுகுப் பக்கம் ஒரு பெரிய வட்டப் பை, அதில் இரும்புத் தோசைக்கல். போட்டுப் பார்த்தேன். முதுகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. "ராணி மாதிரி நிக்கிற," என்றார் அப்பா. குனிய முடியவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் காலை கோட்டுக்கு உள்ளே மூன்று சேலை, இரண்டு ரவிக்கை, ஒரு கம்பளிச் சட்டை. பெட்டி சரியாக நாற்பத்து நான்கு பவுண்டு.

பதினொன்றே காலுக்குக் காய்கறி லாரியில் கிளம்பினோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில்; பின்னால் அப்பாவும் குடியிருப்பு ஆட்கள் இருபத்து மூன்று பேரும். பதின்மூன்று மைல் வந்து, பன்னிரண்டு பத்துக்குச் சிராங்கூன் சாலை. கோயிலில் ஒரு அர்ச்சனை. மரைக்காயர் கடையில் டிக்கெட்டை வாங்கினோம். என்னைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்தார்.

"நான் சொன்னது சால்வைண்ணே!"

அங்கிருந்து பாய லேபார் விமான நிலையம் ஐந்தாறு மைல்தான். ஒன்றே காலுக்கெல்லாம் வந்துவிட்டோம். விமானம் நான்கு பத்துக்கு. அந்த நாளில் ஒருவரை அனுப்ப ஒரு தெருவே வரும். எனவே கூடத்தில் பயணிகளை விட வழியனுப்ப வந்தவர்கள்தான் அதிகம்.

முதல் கவுண்டரில் பெட்டியை நிறுத்தார்கள். முள் சரியாக இருபதில் நின்றது. அப்பா அதைத் தானே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டாவது கவுண்டரில் ஐந்து வெள்ளியைக் கட்டினோம். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தானே?" என்று அப்பா கேட்டார். இல்லை, போவதற்கு மட்டும்தான் என்றார் கவுண்டர்க்காரர். அப்பா ரசீதைப் பயண அட்டையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக் குத்தினார்.

மூன்றாவது, சுகாதார மேசை. அங்கே ஒரு தமிழ் நர்ஸ் உட்கார்ந்திருந்தார். என் முகத்திலிருந்து வியர்வை சர்டிபிகேட்டின் மேல் சொட்டியது.

"காய்ச்சலாக்கா?"

"இல்லைங்க. கோட்டு."

நம்பாமல் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டதால், மற்றவர்களுக்கு ஒரு பார்வை பார்த்து அனுப்பிய சர்டிபிகேட்டை எனக்கு மட்டும் வரி வரியாகப் படித்தார்.

"அஞ்சு நாளைக்கு முன்னாடி அம்மை குத்தியிருக்கீங்க. முதல் தடவைன்னு போட்டிருக்கு. முதல் தடவைன்னா எட்டு நாள் ஆகணும். அதுக்கு முன்னாடி இந்தச் சர்டிபிகேட் செல்லாது."

குழந்தையில் எனக்கு அம்மை குத்தியிருக்கிறது. இது மறுபடி குத்தியதுதான். அதற்குக் குத்திய அன்றே சர்டிபிகேட் செல்லும். அம்மை குத்திய கிளினிக்கில் யாரோ தவறான கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்கள், நானும் படித்துப் பார்க்கவில்லை. இதைவிட்டால் அடுத்த விமானம் நான்கு நாள் கழித்துத்தான், அதிலும் இடம் கிடைக்குமோ தெரியாது. அந்தப் பக்கம் கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனில் வந்து நிற்பார்.

"பழைய தழும்பு இருந்தா டாக்டர் திருத்திக் கையெழுத்துப் போடுவார். காட்டுங்க," என்றார் நர்ஸ்.

தழும்பு இருந்தது, இடது தோள்பட்டைக்குக் கீழே. அதற்கு மேலே ஓவர்கோட்டு, கம்பளிச் சட்டை, மூன்று முந்தானை, இரண்டு ரவிக்கை. மணி இரண்டு ஐம்பது.

திரைக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். சாதாரணக் கோட்டு என்று ஒரு கையால் வாங்கினார். அது கை நழுவித் தரையில் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. திரைக்கு வெளியே யாரோ ஓடி வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல," என்று நர்ஸ் குரல் கொடுத்தார். பிறகு குனிந்து கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தோசைக்கல்லா?"

"ஆமாங்க."

"எத்தன அங்குலம்?"

"பன்னெண்டு."

அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேலை ஒவ்வொன்றாக வர வர அந்தச் சிரிப்பும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கை தெரிந்தபோது இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. புதிதாகக் குத்தியது பழைய தழும்பின் மேலேயே. வீங்கிச் சிவந்திருந்தது. தழும்பு இருந்த இடமே தெரியவில்லை.

டாக்டர் வந்தார். சீனர், இளைஞர். சாய்த்துப் பார்த்தார், விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தலையை ஆட்டினார். மணி மூன்று பத்து. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் என்ன நினைத்தாரோ, என் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வெளியே போய் அப்பாவைக் கூட்டிவந்தார்.

"புள்ளைக்கு அம்மை குத்துனது உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அப்பா?"

"ஞாபகமா?" அப்பா தன் வலது கையை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். கட்டைவிரல் அடியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கை. கிடங்கில் ஏதோ ஆணி கிழித்தது என்றுதான் நினைத்திருந்தேன். "இது இவ கடிச்சது. மூணு வயசு. மடியில வச்சு இறுக்கிப் புடிச்சிருந்தேன். மொதக் குத்துக்கு அழுதா. ரெண்டாவது குத்துக்குக் கடிச்சுட்டா."

நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் சிரித்தார். கடித்த தழும்பை வைத்துச் சர்டிபிகேட் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது.

"ரெண்டு குத்தா?" என்று நர்ஸ் வழியாகக் கேட்டார். "ரெண்டாவது எங்கே?"

"கடிச்சப்ப இவ திமிறுனால்ல, ஊசி பின்னாடி போயிருச்சு," என்றார் அப்பா.

டாக்டர் என் கையைத் தூக்கித் திருப்பினார். கைக்குப் பின்புறம், நான் கண்ணாடியில்கூடப் பார்த்திராத இடத்தில், சிறு பொட்டு அளவில் குழிந்த தழும்பு ஒன்று இருந்தது. சர்டிபிகேட்டில் தவறான கட்டத்தை அடித்துச் சரியான கட்டத்தில் கோடு போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். மணி மூன்று இருபத்தைந்து.

சேலை கட்டப் பத்து நிமிடம்தான் இருந்தது. இரண்டைத்தான் கட்ட முடிந்தது. மூன்றாவதை நர்ஸ் கைப்பைக்குள் திணித்தார். "குத்துன கையோட இதச் சொமக்காதீங்க," என்று தோசைக்கல்லை உருவி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். விமானத்தின் சன்னலிலிருந்து பார்த்தபோது, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் மாடத்தில் நூற்றுக்கணக்கான கைகள் ஆடின. எது யாருடையது என்று தெரியவில்லை. ஓரத்தில் கறுப்பாக, வட்டமாக ஒன்று மேலும் கீழும் ஆடியது. அதைப் பார்த்துத்தான் கையசைத்தேன்.

இனி, கிளம்பப் போகிறவர்களுக்கு. விமான நிலையக் கட்டணம் இப்போது பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் இருக்கட்டும். உங்கள் காகிதங்களை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள், பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடிக்காதீர்கள். சமையல் சாமானைப் பெட்டியில் வையுங்கள். அரைக்கை ரவிக்கை போடுங்கள்.

இன்னொன்று. விமானம் கிளம்பியதும் உங்கள் வேலை முடிந்துவிடும், வழியனுப்ப வந்தவர்களுக்கு முடியாது. அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு ஏறுங்கள். நான் செய்யவில்லை. லாரி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். பதினெட்டு நாள் கழித்து அப்பாவின் முதல் கடிதம் வந்தது. வீட்டுச் செய்தி எல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் குறுக்காக இதை எழுதியிருந்தார்:

"நீ போன அரை மணியில் அதே நிற வாலோடு ஒரு ஏரோப்ளேன் இறங்கியது. டாக்டர் கையெழுத்து செல்லாது என்று உன்னைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். லாரியைப் போகச் சொல்லிவிட்டு, ஆள் வெளியே வருகிற வாசலில் நின்றேன். எல்லாரும் வந்தார்கள். கடைசியாக ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். நீ இல்லை. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்."