டிஸ்க்குக்கு அடியில் ஒன்பது கதைகள்

கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் கேபிளின் முனையை அக்கா துணியால் துடைத்து, மறுபடி சொருகி, விரலால் அசைத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் போன வாரமே அதை சரி பண்ணிட்டார்க்கா. அவர் கை வெச்ச அப்புறம்தான் கதையெல்லாம் போச்சு," என்றார் லேத் பட்டறைக்காரர்.

பட்டறைக்காரரின் மனைவிக்குக் கப்பலில் சமையல் வேலை. கிளம்புமுன் மூன்று நாள் உட்கார்ந்து, மகளுக்காகக் கதைகள் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். திரும்பி வர ஏழு மாதம் ஆகும். கடலில் லைன் கிடைக்காது.

"பாப்பா தினமும் கேக்குறா. நான் கதை சொன்னா, லேத் ஓடுற மாதிரி இருக்குங்கறா."

தெருவுக்கே அவள் அக்கா. தட்டச்சு வேலையில் இருந்தபோது, மெக்கானிக் வருகிற வரை பொறுக்காமல் தானே இயந்திரத்தின் மூடியைத் திறந்து பழகியவள். எதையும் ஊகிக்க மாட்டாள், அளப்பாள்.

லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை எழுப்பிவிடும் சிறிய பூட் பகுதியில் குறையில்லை. அடுத்தது, சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதி. இரண்டாவது டிஸ்க், ரூட்டில் உள்ள 'குரல்' என்ற ஃபோல்டரின் மேல் வந்து உட்காரும்; உட்கார்ந்துவிட்டால், ஃபோல்டரைத் திறக்கும்போது டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான் தெரியும். அந்த டிஸ்க்கை இரண்டு கடைக்காரர்கள் அலசிவிட்டுக் கையை விரித்திருந்தார்கள்.

ரூட்டில் கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களைக் கூட்டினாள். பதினொரு ஜிபி. நிரம்பியிருப்பதாக ரூட் காட்டியதோ பதிமூன்று. மறுபடி கூட்டினாள். அதே இரண்டு ஜிபி வித்தியாசம் உதைத்தது.

"பதிவு பண்ணப்போ கேபிள் லூசா இருந்துச்சா?"

"இருந்திருக்கும். பழைய பாட்டெல்லாம் காணோம், ஃபோல்டர் காலியா இருக்குன்னு பாப்பாவோட அம்மா அப்பவே சொன்னா."

டிஸ்க்கை ஃபோல்டரிலிருந்து விலக்கினாள். அன்று டிஸ்க் வந்து உட்காராததால் கதைகள் ரூட்டிலேயே விழுந்திருக்கின்றன. கேபிளை இறுக்கியதும் டிஸ்க் மேலே வந்து மறைத்துவிட்டது. ஒன்பது ஃபைல்கள், அப்படியே.

ஹெட்போனை மாட்டி ஒன்றை ஓட்டினாள். "தங்கம், போர்வையை உதைக்காம கேளு..." சரிபார்க்க ஐந்து நொடி போதும். அக்கா நிறுத்தவில்லை. வெளியூரிலிருக்கும் அவள் மகள் அனுப்புவதெல்லாம் இரண்டு வரிச் செய்திதான். அதில் குரல் இருப்பதில்லை. கதை முடிந்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினாள்.

ஒன்பதையும் டிஸ்க்கில் ஏற்றி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, திருகுகளை முடுக்கினாள்.

"கேட்டுப் பாக்குறீங்களா?"

அவர் கை ஹெட்போன் வரை போய் நின்றது.

"வேணாம்க்கா. மொதல்ல பாப்பா கேக்கட்டும்."

கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.