சக்கர நாற்காலிக்குக் காத்திருந்தது

மகளுக்கு இரண்டாவது பிரசவம். நான் பாரிஸ் போய்ச் சேருகிற நாளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன் என்று குறித்துவிட்டார்கள். மருமகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அந்த நேரம் பார்த்து அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். மூத்த பேரன் சின்னப் பிள்ளை. நான் போய்ச் சேராவிட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அதுவரை நான் விமானம் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. தெரியாதவர்களிடம் பேசவே கூச்சம். நேராகப் போகிற விமானமும் இல்லை, வழியில் ஒரு வளைகுடா ஊரில் மாற வேண்டும் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனார்தான் யோசனை சொன்னார்.

"வீல்சேர் போடச் சொல்லு. நம்ம ஊர்ல இருந்து போறவங்க எல்லாம் அப்பிடித்தான் போறாங்க. அவனே தள்ளிக்கிட்டுப் போயி அடுத்த ஏரோப்ளேன்ல விட்டுடுவான்."

"எனக்குக் காலு நல்லாத்தான இருக்குது, அண்ணி?"

"வாயி இல்லியே. அதுக்குத்தான்."

சென்னையிலேயே விமானம் தாமதமாகக் கிளம்பியது. எனக்கு நடு இருக்கை. ஓரத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், பிரெஞ்சு அரசாங்கத்தில் பென்ஷன் வாங்குகிறவர். மகனைப் பார்க்க வருஷா வருஷம் போகிறவராம். அவருக்கும் வீல்சேர், அவரும் பாரிஸ்தான். "என்னோட வாங்க மதாம், கவலய விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவரை எழுப்பக் கூச்சப்பட்டு நான் கழிவறைக்குக்கூடப் போகவில்லை. முட்டி முன் இருக்கையில் இடிக்க, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைகுடா ஊரில் விமானம் இறங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். எங்களை மட்டும் உட்காரச் சொன்னார்கள். வீல்சேர்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்களாம். நாத்தனார் இதைச் சொல்லவில்லை. விமானம் காலியாகி, துடைக்கிற ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நாற்காலி வரவில்லை.

"அடுத்தது போயிடுமே, ஐயா?"

"நாற்காலிக்காரன விட்டுட்டுப் போவ மாட்டான். உக்காருங்க."

இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தேன். மகள் வலியோடு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்சிக்கு நிற்பதுபோல் கண்ணில் தெரிந்தது. எழுந்து பையை எடுத்தேன்.

"என்னா மதாம், காலு வந்துட்டுதா?"

முகம் சுட்டது. "நீங்களும் வந்துடுங்களேன்" என்றேன்.

"எனக்கு நெசமாவே முட்டி போச்சும்மா. நீங்க போங்க. அங்க போயி நான் வர்றேன்னு சொல்லுங்க."

நடந்தேன், பிறகு ஓடினேன். வழியில் நின்ற சீருடைக்காரர்கள் எல்லோரிடமும் சீட்டை நீட்டினேன். அவர்கள் கை காட்டிய பக்கம் ஓடினேன். செருப்பைக் கழற்றச் சொன்ன சோதனை இடத்தில் அதைத் திரும்பப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாரிஸ் விமானத்துக்கு ஏறுகிற வாசலில் இருந்த பெண் என் சீட்டைப் பார்த்தாள், என் வெறுங்காலைப் பார்த்தாள். "வீல்சேர்?" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டி, "ஒன் ஓல்டு மேன். வீல்சேர். கமிங்" என்றேன். அவள் போனை எடுத்து யாரிடமோ பேசினாள்.

விமானத்தில் ஏறி நான் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். என் வரிசையைத் தாண்டும்போது, "நான்தான் சொன்னேனே, விட மாட்டான்னு" என்றார். நான் ஓடியதால்தான் காத்திருந்தார்களா, எப்படியும் காத்திருப்பார்களா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் மகள் டாக்சியில் ஏறும்போது பேரன் என் இடுப்பில் இருந்தான். புது முகம் என்று கத்தி அழுதான். கீழே மட்டும் விடவில்லை நான்.