கோஸ் தோட்டத்துக்கு மேலே ஒரு நெபுலா

எமரால்டு என்ற மலையூரில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் தபித்தாள் டீச்சருக்கு வருடத்தில் பாதி நாள் வானத்தின் மேல்தான் கோபம். மழைக்காலம் முழுக்க மேகம். அது விலகினால் மூடுபனி. அதுவும் இல்லையென்றால் லென்ஸ் முழுக்கப் பனித்துளி. அவர் படமெடுக்க ஆசைப்பட்டது ரோசெட் நெபுலாவை. விண்வெளியில் வெகு தொலைவில், விரிந்த ரோஜாவைப்போலச் சிவப்பாக ஒளிரும் வாயு மேகம் அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வானம் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்பி, படம் மேல் படமாக எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றுசேர்த்தால்தான் தென்படும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருவழியாக வானம் தெளிந்தது. உடனே பக்கத்துத் தோட்டத்து எட்மண்ட், காட்டெருமைகளை விரட்டக் கம்பத்தில் பெரிய எல்.இ.டி. விளக்கை மாட்டிவிட்டார். டீச்சர் எடுத்த படமெல்லாம் வெளுத்துப்போனது.

"அண்ணா, அந்த லைட்டை அணைங்களேன்" என்று தினமும் வேலியோரம் நின்று கேட்டார்.

"அணைச்சா மாடு வந்துருமுங்க டீச்சர். கோஸு அறுக்கற பக்குவத்துல நிக்குது."

"ஒரே ஒரு ராத்திரிங்க! மாடு வந்தா நானே லைட்டைப் போட்டு விரட்டறேன்."

எட்மண்ட் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். அன்றிரவு கேமரா ஒழுங்காக ஓடியது. கம்பளிக்குள் டீச்சர் கண்ணயர்ந்துவிட்டார். 'கறக் முறக்' என்ற சத்தத்தில் விழித்தால், கோஸ் பாத்தியில் மூன்று காட்டெருமைகள். ஓடிப்போய் விளக்கைப் போட்டார். அவை நிமிர்ந்து பார்த்தன. வாயில் இருந்ததை மென்று முடித்த பிறகுதான் நகர்ந்தன.

மறுநாள் மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், தலைகுனிந்தபடி படத்தைக் காட்டினார். கருவானத்தில் மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், ஒரு சிவப்புப் பூ.

எட்மண்ட் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தாங்க இருக்குது. கோஸு இதைவிட நல்லா இருந்துச்சுங்க."

அந்தச் சனிக்கிழமை, மாடு தின்ற பாத்தியில் டீச்சர் இடுப்பு ஒடிய அவருடன் நாற்று நட்டார். நடுவே எட்மண்ட் ஏணி போட்டு ஏறி, பழைய எண்ணெய் டின்னை வெட்டி விளக்குக்கு மூடி மாட்டினார். வெளிச்சம் இனி பாத்தியில் மட்டும்தான் விழும்.

டீச்சர் மண் கையோடு எழுந்து நின்றார். "அண்ணா! இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே!"

"நீங்க அணைக்கத்தானே சொன்னீங்க? மூடச் சொல்லலீங்களே."

டீச்சர் மறுபடி குனிந்தார். அடுத்த நாற்றை எடுத்து, தேவைக்கு அதிகமாகவே அழுத்தி நட்டார்.