அண்ணன் விற்காத வண்டி

அண்ணனின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, உங்களில் பாதிப்பேர் ஒருநாளாவது அவருடைய வண்டியில் ஏறியிருப்பீர்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வண்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் இருந்திருந்தால், "என்னெ விட்டுப்போட்டு அதெப் பத்தியே எழுது அம்மிணி" என்றுதான் சொல்லியிருப்பார்.

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, கடலையும் சோளமும் விளையும் எங்கள் தோட்டத்து வீட்டில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அடுத்து மழையும் பொய்த்தது. படிப்பை விட்டுவிட்டு, குமுளி மலைப்பக்கம் இருக்கும் சக்குபள்ளத்துக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனார். அங்கேதான் வண்டி ஓட்டப் பழகினார். முதலாளி மலையை விட்டுப் போகும்போது, தனக்காக உழைத்தவருக்குத் தன் பழைய சீமை வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முன்பாதி கார், பின்பாதி திறந்த லாரிப்பெட்டி. அப்படி ஒரு வண்டியை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கம்பம், தேனி, பொள்ளாச்சி என்று சுற்றிக்கொண்டு அதை அவர் ஊருக்கு ஓட்டி வந்த அன்று, "முன்னால உக்காந்தா மாப்பிள்ளை, பின்னால உக்காந்தா மூட்டை" என்று ஊரே கேலி செய்தது. கேலி செய்தவர்களின் கடலை மூட்டையும் அதில்தான் சந்தைக்குப் போனது. வலி கண்ட பெண்கள் அதன் முன்சீட்டில்தான் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என் கல்யாணச் சீரும் அதில்தான் பொள்ளாச்சிக்கு வந்தது. தனக்கென்று ஒரு கல்யாணத்தை மட்டும் அண்ணன் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வண்டி சம்மதிக்கோணுமே" என்பார்.

ஒருமுறை ஏலக்காய் ஏற்ற மலைக்குப் போனவர், குமுளிப் பாதையில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். அம்மா கட்டிலருகே நின்று, "உசுரெ வாங்க வந்த வண்டி இது. வித்துப்போடு சாமி" என்று அழுதார்.

"விக்கறனுங்கம்மா" என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

நடக்கத் தொடங்கிய வாரமே 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை எழுதி வண்டியின் முன்னால் கட்டினார். அந்தப் பலகையோடு ஐந்து வருடம் ஓட்டினார்! பெட்ரோல் விலை எகிறி வண்டிக்காரர்கள் தலையில் கை வைத்த காலத்திலும் பலகை இருந்தது, வண்டியும் இருந்தது. வாங்க வருகிறவரை உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பார்: "ஏனுங்க, பொய் சொல்லப்படாதுங்க. பிரேக்கு ஒருக்காப் புடிக்கும், ஒருக்கா யோசிக்கும். எடது கதவு கயித்துல நிக்குது. சாமான் ஒடைஞ்சா மெட்ராசுலயும் கெடைக்காதுங்க." வந்தவர் மோரைக் குடித்த கையோடு எழுந்து போய்விடுவார். அண்ணனின் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

பிறகு நெஞ்சு நோய் வந்தது. பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி இவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுத்துணி எடுக்க நான் தோட்டத்து வீட்டுக்கு வந்த அன்று, சக்குபள்ளத்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர் பலகையைப் படித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் ஐந்து வருடக் கவலை தீரட்டும், அண்ணன் திரும்பி வந்தாலும் ஓட்ட வண்டி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பேசி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வித்துப்போட்டியா கண்ணு? அவன் விக்கமாட்டான்னு தெரிஞ்சுதானே நான் கம்முனு இருந்தேன். அந்தப் பலகையெத் தெனமும் தொடைச்சு வெச்சதே நாந்தான்."

வீடு திரும்பிய அண்ணன் காலியான வண்டிக் கொட்டகையைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். "நல்ல காரியம் பண்ணுனே அம்மிணி. தலைவலி போச்சு" என்றார். திரும்ப வாங்கி வரட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அன்று இரண்டு வாய்க்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு கொட்டகை இருந்த பக்கம் முகம் வைத்து அவர் படுக்கவே இல்லை. மூன்றாம் மாதம் போய்விட்டார்.

அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், பத்தியக் கஞ்சி கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், வண்டி இல்லாத வீட்டிலிருந்து அவரைத் தோளில் சுமந்து சென்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதியன்று அந்தச் சக்குபள்ளத்துக்காரர் வந்தார். "உங்க அண்ணன் என்னைய ஒரு பொய் சொல்லச் சொல்லியிருந்தாரும்மா. எனக்கு வாய் வரல. அதான் லெட்டரையே கொண்டாந்துட்டேன்" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார். படுக்கையில் இருந்தபடி அண்ணன் எழுதியது. குளிர் நாளில் வண்டியை எப்படிக் கிளப்ப வேண்டும், இடது கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதன் கீழே:

"பிரேக் நன்றாகவே இருக்கிறது, பயப்பட வேண்டாம். என் தங்கை எப்போதாவது வந்து கேட்டால், நான் முன்பே உங்களிடம் விலை பேசி முடித்திருந்ததாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்துவிட்டது. மனசு கஷ்டப்படும்."

அண்ணா, நீங்கள் யாரிடமும் விலை பேசவில்லை. உங்களைக் கேட்காமல் விற்றவள் நான். இந்த நினைவு மலரைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்: அண்ணன் அந்த வண்டியை விற்கவில்லை.