அண்ணன் பெயரில் ஒரு கொடுவா

இந்த வாரம் ஒரு விரல் குறைவாக டைப் செய்கிறேன். வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. மற்ற விரல்கள் வேலை பார்க்க, அது மட்டும் நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறது. எங்கேயாவது எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுக்குக் காரணம் மீன் பிடிக்கிற நரம்பு.

என்னது, இந்த வயதில் நீங்கள் தூண்டில் போடுகிறீர்களா என்று கேட்கிறீர்கள்தானே? பஜாரில் வலைக்கடை அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். கொஞ்சம் சுற்றிவளைத்து.

“நரம்பு யாருக்குக்கா? வீட்டு சாருக்கா, பையனுக்கா?”

“எனக்கு.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் கைப்பையைப் பார்த்தார். “சரி சரி... கொடி கட்டவா?” என்றார். துணி காயப்போட!

எங்கள் கடற்கரையில் இது ஒரு விநோதம். மீன் விற்கப் பெண் வேண்டும். வெட்ட, கழுவ, காயவைக்க, குழம்பு வைக்க, எல்லாவற்றுக்கும் வேண்டும். பிடிப்பதற்கு மட்டும் அவள் வரக்கூடாது. நானும் ஒரு காலத்தில் பிடித்தவள்தான் என்பதை அண்ணாச்சியிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

உங்களிடம் சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு குட்டிப் பாலம். உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் போகிற ஓடை அதன் அடியில் ஓடும். சாயங்காலம் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் நானும் சூசை அண்ணனும் அங்கே இருப்போம். அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. பால்பவுடர் டப்பாவில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு முள், அதில் உயிரோடு ஒரு இறால். அவ்வளவுதான். நரம்பை ஆள்காட்டி விரலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். கீழே தண்ணீருக்குள் நடப்பதெல்லாம் விரலுக்கு வந்துவிடும். நண்டு கிள்ளுகிறதா, கெளுத்தி கடிக்கிறதா, பாசி தட்டுகிறதா... பார்க்காமலே சொல்லுவேன். அண்ணனுக்கு அது வராது. “உன் வெரலுக்குக் கண்ணு இருக்கு ஏளா” என்பான். அந்த ஓடைக் காற்றின் உப்பு வாசனை இதை எழுதும்போதுகூட மூக்கில் ஏறுகிறது. அத்தனை சந்தோஷமாக நான் வேறு எங்கேயும் நின்றதில்லை.

ஒருநாள் என் நரம்பில் கொடுவா மீன் அடித்தது.

கொடுவா அடித்தால் சந்தேகமே வராது. கை தோளோடு போகும். நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓட, நான் விடவில்லை. அண்ணன் பதறிப்போய், “குடு குடு, நான் பாத்துக்கிடுதேன்” என்று என் கையிலிருந்து வாங்கினான். கை மாறிய அந்த நொடியில் நரம்பு தொய்ந்தது. கொடுவா ஒரு துள்ளு துள்ளித் தலையை உதறி, முள்ளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் அம்மா என் விரலைப் பார்த்து, “என்ன ஏளா ரத்தம்?” என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். “அரிவாள்மனைல வெட்டிக்கிட்டாம்மா.” பாலத்துக்குப் போனது தெரிந்தால் எனக்கு அடி விழும் என்று பயந்து சொன்னான். பாசத்தில் சொன்ன பொய்தான்.

ஆனால் கொடுவா கதை அவன் வாயில் நிற்குமா? ராத்திரிச் சாப்பாட்டிலேயே வெளியே வந்துவிட்டது. என் விரலை அரிவாள்மனைக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம் மீன் யாருக்கு மாட்டியிருக்க முடியும்? சூசைக்குத்தான்.

கொஞ்ச நாளில் நான் பெரியவள் ஆனேன். “இனிமே பாலத்துப் பக்கம் போவாத, என்ன?” என்று அம்மா சொன்னதோடு என் தூண்டில் வாழ்க்கை முடிந்தது. அண்ணன் போய்க்கொண்டே இருந்தான். ‘சூசைக்கு மாட்டுன கொடுவா’ எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. கடைசியாகக் கேட்டபோது அது மேசை நீளம் இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். நிஜமாகவே எரியும்... என் மீன் அது!

கப்பலில் இன்ஜினியராக ஊர் ஊராகச் சுற்றிய சூசை அண்ணன் இப்போது ரிட்டயர் ஆகி, வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறான். பக்கத்தில் ஏரியாம். ஏரியில் பாஸ் மீனாம். நம் கொடுவாவைப் போலவே முரட்டடி அடிக்குமாம். இந்த வருஷம் திருவிழாவுக்கு வருவதற்கு முன்னால் போனில் கேட்டேன்.

“அண்ணே, ஒரு நாள் பாலத்துக்குப் போவோமா? நான்தான் தூண்டில் போடுவேன்.”

“வாரேன். ராடு கொண்டு வாரேன். நரம்பு மட்டும் நீ அங்க பாத்து வாங்கிக்க” என்றான்.

அண்ணன் வந்தபோது ராடோடு ஒரு பெட்டியும் வந்தது. பெட்டியில் மூன்று பொய் மீன்கள். ஒன்று தண்ணீர் மேலேயே மிதந்து ‘ப்ளக் ப்ளக்’ என்று சத்தம் போடுவது — பாப்பர். இன்னொன்று இழுத்தால் முங்கி நீந்துவது. மூன்றாவது ரப்பர் மீன். அடியில் தத்தித் தத்திப் போகும். நான் அண்ணாச்சி கடையில் எதை வாங்குவது என்று தெரியாமல் விழித்ததற்குக் காரணம் இவைதான். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தங்கூசி. இப்போது நைலான், ஃப்ளூரோகார்பன், நூல் போலப் பின்னிய பிரெய்டு என்று மூன்று ஜாதி. எந்தப் பொய் மீனுக்கு எது? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் துணி துவைக்கிற தொட்டியை நிரப்பி, மூன்றிலும் ஒரு முழம் வெட்டிப் போட்டேன். பிரெய்டு மிதந்தது. நைலான் யோசித்து யோசித்து மெதுவாக இறங்கியது. ஃப்ளூரோகார்பன் நேராக அடிக்குப் போய், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடுத்து ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தேன். நைலான் ரப்பர் போல நீண்டு கொடுத்தது. பிரெய்டு துளிகூட நீளவில்லை.

பாதி விஷயம் தொட்டியிலேயே விளங்கிவிட்டது. முங்குகிற மீனுக்கு முனையில் ஃப்ளூரோகார்பன். தானும் முங்கும், கண்ணுக்கும் தெரியாது. ரப்பர் மீனுக்கு பிரெய்டு வேண்டும், அடியில் நடப்பது அப்படியே கைக்கு வரும். முனையில் மட்டும் கொஞ்சம் ஃப்ளூரோகார்பன். மேலே மிதக்கிற பாப்பருக்கு அது ஆகாது, மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும்; அதற்கு நைலான் முனை. புதிதாகத் தொடங்குகிறவர் ரீல் நிறைய பிரெய்டு சுற்றிக்கொண்டு, முனையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். கொடுவாவுக்கு முனை நரம்பு தடிமனாக இருக்கட்டும். அதன் செவுள் ஓரம் கத்தி. மெல்லிசு நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும்.

நான் பாப்பரை எடுத்தேன். மீன் அடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு.

அண்ணன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். பாலத்துக்குப் புதுக் கைப்பிடி வைத்திருந்தார்கள். ஓடை அதே ஓடைதான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் பிரெய்டைத் தொட்டுக் காட்டி, “இது நூலு இல்ல ஏளா, பிளேடு. கைய வச்சிராத. ரீல்ல பிரேக் இருக்கு, அது பாத்துக்கிடும்” என்றான்.

தெரியும் என்றேன். எனக்குத் தெரியும்தான். என் விரலுக்குத் தெரியாதே!

வீசினேன், சுற்றினேன். ப்ளக்... ப்ளக்... திரும்ப வீசினேன். இருட்டப் போகிறது, அண்ணன் கிளம்பலாமா என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தபோது, பாப்பர் இருந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. கை தோளோடு போனது. ரீல் அலறியது. அந்த நொடியில் நான் ரீலையும் பிரேக்கையும் மறந்தேன். ஆள்காட்டி விரல் தன்பாட்டுக்கு நீண்டு நரம்பைக் கொக்கி போட்டுக்கொண்டது. பாலத்தில் நின்ற அந்தச் சிறுமியின் பழக்கம்! பிரெய்டு விரலுக்குள் இறங்கியது.

“வெரல எடு! ஏளா, வெரல எடு!” அண்ணன் ஓடி வந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான். “குடு குடு, நான்...”

“தரமாட்டேன்!”

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? எனக்கே தெரியவில்லை. அண்ணனின் கைகள் அப்படியே நின்றன. என்னைப் பார்த்தான், ராடில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தான். கைகளை மடக்கிக்கொண்டான். பிறகு மீனை ஏந்தக் கொண்டுவந்திருந்த கைவலையை எடுத்துக்கொண்டு, பாலத்துச் சரிவில் இந்த வயதில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான்.

விரலை எடுத்தேன். ஓட விட்டேன், சுற்றினேன். மீன் துள்ளித் தலையை உதறியது. நைலான் முனை நீண்டு கொடுத்து அந்த உதறலைத் தாங்கியது. கடைசியில் அண்ணன் வலையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான். மேசை நீளமெல்லாம் இல்லை. ஒரு வீட்டுக் குழம்புக்குத் தாராளமாகக் காணும்.

“கொடுவா ஏளா... உன் கொடுவா” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொன்னான். நான் நம்பவில்லை. என் கண்ணிலும்தானே தெறித்திருந்தது.

அங்கிருந்து நேராகக் கிளினிக். விரலில் கைக்குட்டை, கைக்குட்டையில் ரத்தம், இரண்டு பேர் மேலும் மீன் வாடை. நர்ஸ் பெண் கைக்குட்டையைப் பிரித்து, காயத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஆழமா இருக்கே... அரிவாள்மனையா ஆன்ட்டி?”

பழக்க தோஷம், அண்ணன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“இல்லம்மா,” என்றேன். “கொடுவா.”