வாசலை மறித்து நின்ற பிள்ளை

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் எங்கள் மாலைநேர மையத்தில் சண்டை வரும். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவி, சுண்டலோ அவலோ தின்று, வீட்டுப்பாடம் எழுதி, கொஞ்ச நேரம் விளையாடுவார்கள். பையைத் தோளில் மாட்டியதும் அந்தப் பிள்ளை ஓடிப்போய் வாசல் நிலையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். குச்சி போன்ற கைகள். அந்தக் கைகளைத் தாண்டி ஒரு பிள்ளையும் லேசில் வெளியே போக முடியாது.

“சொல்லிட்டுப் போ, சொல்லிட்டுப் போ” என்று கத்துவாள். டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறாள், பெரிய மனுஷி என்று முதலில் சிரித்தோம். பிள்ளைகளும் “டீச்சர், போறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். சொன்ன பிறகும் அடி விழும். சில பேரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு நாள் அவளைவிடப் பெரிய பையன் ஒருவனைக் கடித்துவிட்டாள். அவனுடைய அம்மா மறுநாள் வந்து, “நம்மூரு நாய்கூடத் தெரிஞ்ச ஆளக் கடிக்காது டீச்சர். இது என்ன பிள்ள?” என்று கேட்டார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த இடம் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு. அப்பா இல்லாத பிள்ளைகள், அம்மா இல்லாத பிள்ளைகள், இரண்டு பேரும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். சில நாள் தாய்மார்கள் வந்து டீச்சரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். அப்போது நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

நான் அங்கே முதலில் போனது தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சரிசெய்ய. மில்லில் எனக்குக் காலை ஷிப்ட். மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் இருப்பேன். குழாயை மாட்டி முடித்தபோது டீச்சர், பிள்ளைகளை மெயின் ரோடு தாண்டிக் கொண்டுபோய்விட ஒரு ஆள் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றார். சரி என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது. நாலு பேர் முன்னால் பேச்சும் வராது. கையை நீட்டி லாரியை நிறுத்துவதற்குப் பேச்சு வேண்டியதில்லை. அப்படியே தினமும் போகத் தொடங்கினேன். டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு நான் மாமா.

அந்தப் பிள்ளையின் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் பெட்டி கட்டும் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கையில் வண்டி மோதிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு வேறொரு மில்லில் நைட் ஷிப்ட். அவர் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அம்மா இவளைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொள்வார்.

பிள்ளைகள் போய்விட்டால் தானும் வீட்டுக்குப் போகவேண்டிவரும், அதற்குப் பயந்துதான் மறிக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் முழங்கைக்குக் கீழே கன்றிப்போன தடம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். அப்பாவைப் பேசக் கூப்பிட்டால் வருவதில்லை. குடிக்கிறார் என்று தெருவில் சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கணக்குத்தான் வந்தது. டீச்சர் மனசு கேட்காமல், பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வருகிறோம் என்றார்கள். வந்து பார்த்து, வீடு சரியில்லை என்று பட்டால் அவளை வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்துவிடுவார்கள். அப்பா போய்ப் பார்க்கலாம், கூட்டிவர முடியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை இரண்டாம் ஷிப்டில் ஆள் பற்றாக்குறை என்று என்னைச் சாயங்காலமும் வரச்சொல்லியிருந்தார்கள். டீச்சர் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய்ச் சொல்லக் கூச்சம். எப்போதுமே நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருக்கும். கொல்லை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் ஓடிவந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, சொல்லாமப் போறீக.”

“டீச்சர் பேசிக்கிட்டு இருக்காக. நீ சொல்லிருத்தா, மாமா வேலைக்குப் போறேன்னு.”

முதுகில் ஒரு குத்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

“போறேன்னு சொல்லக் கூடாது. வாரேன்னு சொல்லணும்.”

“சரித்தா. போயிட்டு வாரேன்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கேரியரை விட்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, “எங்கம்மாவ நான் போன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

அவளே சொன்னாள். அன்று காலை நேரமாகிவிட்டது என்று அம்மா அவளுக்கு ஒற்றைச் சடைதான் பின்னிவிட்டிருக்கிறார். இவளுக்கு ரிப்பன் வைத்து இரட்டைச் சடை வேண்டும். கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அம்மா வாசலில் நின்று, போயிட்டு வாரேன் என்று சொன்னதற்கு இவள், “போ” என்றாள்.

“போன்னு சொல்லாதட்டி, போயிட்டு வான்னு சொல்லுன்னு சொல்லுச்சு. செத்த நேரம் நின்னுச்சு. நான் சொல்லல. பஸ்ஸு வந்துரும்னு போயிருச்சு.”

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அது வெறும் பேச்சு என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் வீட்டில் நான் தப்பித்தவறி போறேன் என்று சொல்லிவிட்டால், என் மனைவி திரும்ப உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்புவாள். நானும் அப்படியே வளர்ந்தவன்தான். அந்தப் பிள்ளை யாரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டாளோ அவர்களைப் போல நம்புகிறவன்தான் நானும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்துவிட்டு அவளாகவே உள்ளே போனாள். அன்றைக்கு ஷிப்டுக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கினேன்.

மறுநாள் டீச்சர் தனியாகச் சமையல்கட்டுப் பக்கம் வரும்வரை காத்திருந்து சொன்னேன். முன்னுக்குப் பின்னாகத்தான் சொல்ல வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்கார அம்மா கையை நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “எங்க பேச்சுலயும் போயொஸ்தானு, போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும். பாவிப் பிள்ள, இத மனசுல வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சா?” என்றார். டீச்சர், அதிகாரிகள் வருவதற்குள் அவள் அப்பாவுக்கு இது தெரியவேண்டும் என்றார்.

“நீங்க போங்கண்ணே. நான் போனா அவரு மொகத்தத் திருப்பிக்குவாரு.”

எனக்குப் பேசத் தெரியாதே என்றேன். ஆனாலும் போனேன்.

அவர் தூங்கி எழுந்து, வீட்டுக்கு முன்னால் அடிபம்பில் வேலைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “பிள்ளைய நான் அடிச்சுக் கொல்லுறேன்னு நீங்களும் சொல்ல வந்தீகளா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பம்பின் கைப்பிடியைப் பிடித்து அவருக்குத் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். வாளி நிறைந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை ஈரச் சட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் வேலைக்குக் கெளம்பையில காலப் பிடிச்சுக்குவா. வாரேன்னு சொல்லுங்க, வாரேன்னு சொல்லுங்கன்னு விடமாட்டா. பஸ்ஸு போயிரும்ங்கிற எரிச்சல்ல கையப் பிடிச்சு இழுத்து விட்டிருக்கேன். அந்தத் தடம் என் கைதான். இல்லைன்னு சொல்லல. குடிக்கிறதும் உண்டு.”

சட்டையைக் கொடியில் போட்டார். அதை இழுத்து நேராக்கினார். திறந்திருந்த கதவு வழியே உள்ளே கையைக் காட்டினார்.

“அன்னைக்கு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நான் அந்தா அந்தப் பாயிலதான் படுத்துக் கெடந்தேன். அவ அம்மா எங்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் போனா. காதுல விழுந்துச்சு. கண்ணத் தொறக்கல. ம்முன்னுகூடச் சொல்லல.”

நாளைக்கு அதிகாரிகள் வருவதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முகம் வழித்து, வெளுத்த சட்டை போட்டு வந்தார். டீச்சர் பிள்ளையைக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அனுப்பினார். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளிடம் அதே கதையைச் சொன்னார். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவள் என் வேட்டியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

“அப்ப நீங்களும் அம்மாட்ட சொல்லலையா?”

“சொல்லலத்தா.”

“கோவத்துலயா?”

“இல்ல. தூக்கத்துல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மா கோபித்துக்கொண்டு போனதா என்று கேட்டாள். அவர் அவள் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“சிரிச்சுக்கிட்டுத்தான் போனா. அப்பனும் மகளும் ஒண்ணுபோல வாச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே செருப்பப் போட்டா. அதுவும் என் காதுல விழுந்துச்சு.”

அது உண்மையிலேயே அவர் காதில் விழுந்ததா, அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்டதில்லை. அவள் என் வேட்டியை விட்டுவிட்டு அவர் தோளில் சாய்ந்தாள்.

அதிகாரிகள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அப்பாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டதால் நான் அறையின் மூலையில் இருந்தேன். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. தான் நினைத்தது, பிறகு தெரிந்தது, கையில் உள்ள தடம் எப்படி வந்தது, குடி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அதிகாரி அம்மா பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடுதியில் உன் வயதுப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், நல்ல சாப்பாடு, இரவில் துணைக்கு ஆள் உண்டு, அங்கே இருந்து படிக்கிறாயா, அப்பாவோடு இருக்கிறாயா என்று பொறுமையாகக் கேட்டார். அவள் நன்றாக யோசித்தாள்.

“நான் அங்க போயிட்டா, அப்பா வேலைக்குக் கெளம்பையில வீட்டுல யாரு இருப்பா?”

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். இரண்டு அதிகாரிகளும் கொல்லைப் பக்கம் போய் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து, பிள்ளை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அப்பா பகல் ஷிப்டுக்கு மாறவேண்டும், குடி நிற்கவேண்டும், மாதம் ஒரு முறை வந்து பார்ப்போம், மறுபடி ஒரு தடம் கண்ணில் பட்டால் கேட்டுக்கொண்டிருக்கமாட்டோம், கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். அப்பாவைக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

அவர் தெருவில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“பிள்ள ஒங்ககூடத்தான் இருக்கா. ஆனா பகல் ஷிப்டுக்கு மாறணுமாம்” என்றேன். மற்றதை அவர்களே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டாக் குடுப்பாகளா? எங்க சூப்பர்வைசரு பொல்லாத ஆளு.”

திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன், சேர்ந்து கேட்போம் என்றேன். அந்த மில்லில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்தச் சூப்பர்வைசரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே டீச்சர் உள்ளிருந்து கூப்பிட்டார். பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வேகமாக உள்ளே போனார்.